சுவர் காயட்டும், அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம்

ஓம் சரவணபவ.

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு கோப்பை டீ கலக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க. கோபம் வந்தா வரட்டும், ஆனா முழுசா படிச்சிட்டு வரட்டும்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தா நம்ம ஆளுங்க வழக்கமா மூணு காரியம் செய்றாங்க. ஒரு போட்டோ கூட எடுக்காம நனைஞ்ச சாமான் எல்லாத்தையும் வாரி ரோட்டோரம் போடறது ஒண்ணு. வேன்ல வந்து கதவைத் தட்டுற முதல் ஆளுக்கு முன்பணம் கொடுக்கிறது ரெண்டு. ஈரம் காயாத சுவர்மேல பெயிண்ட் அடிச்சு "வீடு பழையபடி ஆயிடுச்சு"ன்னு நிம்மதியா படுக்கிறது மூணு.

நாலாவது காரியத்தை நாம செய்றோம். "நாம"ன்னு நான் சொல்றது கோயில் தொண்டர்களை. மீ பொட்டலம், போர்வை, பிஸ்கட் டின் எடுத்துக்கிட்டு போறோம். வாசல்ல நின்னு குரூப் போட்டோ எடுக்கிறோம். புலனத்துல போடறோம். திரும்பி வந்துடறோம். அந்த வீட்டுச் சுவர் காய்ஞ்சுதா, அந்த அம்மா யார்கிட்ட எவ்வளவு கொடுத்து ஏமாந்தாங்க, யாரும் கேட்கிறதில்ல.

இப்ப நம்ம குழுவுல ஒரு வாக்குவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. மழை வெள்ள உதவிக்குன்னு அன்பர்கள் போட்ட பணத்துல மிச்சம் இருக்கிறதை என்ன செய்யலாம்னு பேச்சு. "கவர்ல போட்டு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திடலாம்"னு ஒரு கட்சி. "திருவிழா வருது, விளக்கு அலங்காரத்துக்கு சேர்த்துக்கலாம், சாமி காரியம்தானே"ன்னு இன்னொரு கட்சி. ஈரம் உறிஞ்சும் மெஷின், ஈரம் அளக்கிற மீட்டர், தண்ணி இழுக்கிற வேக்கும் வாங்கி கோயில்ல வைக்கலாம்னு நான் சொன்னேன். "கோயில் என்ன ரிப்பேர் கடையா?"ன்னு ஒருத்தர் சிரிச்ச முகம் போட்டு பதில் எழுதினார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

"மலைன்னா அப்படித்தான்" என்கிற பேச்சு

முதல்ல இந்த வார்த்தையை ஒழிக்கணும். எது நடந்தாலும், "மலையில இருக்கோம், மழை பெய்யும், என்ன செய்ய, எல்லாம் முருகன் செயல்". முருகன் மழையைக் கொடுக்கிறான். அடைஞ்சு கிடக்கிற கால்வாயை முருகனா அடைச்சான்? பின்சுவர்ல தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டையை சிமெண்டு வெச்சுப் பூசினது முருகனா?

நம்ம ஊர்ல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது. ஏப்ரல், மே ஒரு உச்சம். அக்டோபர், நவம்பர் இன்னொரு உச்சம். இது நம்ம தாத்தா பாட்டி தேயிலை கிள்ள வந்த காலத்துலேயே தெரிஞ்ச கணக்கு. 1929ல போ தோட்டம் தொடங்கினப்பவும் இதே மழைதான். மாறினது நிலம். காடு வெட்டி, மேட்டைச் செதுக்கி, மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்டாச்சு. மண்ணுல ஊற வேண்டிய தண்ணி பிளாஸ்டிக்ல விழுந்து நேரா ஓடுது, மண்ணையும் இழுத்துக்கிட்டு ஓடுது. அது சாக்கடையை அடைக்குது, ஆத்தை மேடாக்குது, கடைசியில யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்பங்கரைக்குள்ள வருது.

2013 அக்டோபர் 23 மறந்துட்டீங்களா? ரிங்லெட்ல இருக்கிற சுல்தான் அபு பக்கர் அணைக்கட்டு 1960கள்ல கட்டினது. மேலே இருந்து வர்ற மண்ணும் குப்பையும் அந்த ஏரியை வருஷா வருஷம் தூர்த்துக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பெருமழையில அணை நிரம்பி தண்ணியைத் திறந்து விட்டாங்க. பெர்த்தாம் வேலி மக்கள் தூங்கிக்கிட்டு இருந்த நேரம். வீடு, கார், உயிர் எல்லாம் போச்சு. அடுத்த வருஷம், 2014 நவம்பர் 5, ரிங்லெட்டும் பெர்த்தாம் வேலியும் மறுபடி சேத்து வெள்ளத்துல மாட்டுச்சு. மறுபடி உயிர் போச்சு. 2024 ஜனவரி 26 விடியறதுக்குள்ள புளூ வேலியில மண் சரிஞ்சு, தூங்கிக்கிட்டு இருந்த அஞ்சு மியன்மார் தொழிலாளிங்க போய்ட்டாங்க. நம்ம தட்டுல விழுற காய்கறியை வளர்த்த கைகள் அவங்க.

இதையெல்லாம் எழுதறது பயமுறுத்தறதுக்கு இல்ல. இப்படி ஒரு சம்பவம் நடந்தா ரெண்டு வாரம் டிவிக்காரங்க வர்றாங்க, ஒய்.பி. வர்றாங்க, நாம வர்றோம். மூணாவது வாரம் யாரும் இல்ல. ஆனா வீட்டுக்குள்ள உண்மையான கஷ்டம் தொடங்கறதே அந்த மூணாவது வாரத்துலதான். சுவர் கறுக்குது. மெத்தை நாறுது. பிள்ளைக்கு இருமல். அப்பதான் பெயிண்ட் வாளியோட ஒருத்தர் வர்றார்.

பெயிண்ட் வாளி ஆசாமி

பேரு சொல்ல மாட்டேன். ஒருத்தர் மட்டும் இல்ல, பல பேர் இப்படித்தான் வர்றாங்க. கோயிலுக்கு வெள்ளி தவறாம வர்ற ஒரு ஆயா. வீட்டுப் பின்சுவர் மேட்டோட ஒட்டி இருக்கு. பெருமழையில பின்பக்கத்துல இருந்து தண்ணி ஊறி வந்து, முழங்கால் உயரத்துக்கு சுவர் நனைஞ்சு போச்சு. ஒரு ஆள் வந்தார். "ஆயா, ஸ்பெஷல் கெமிக்கல் இருக்கு, ஒரே கோட், பத்து வருஷம் நிக்கும். இன்னைக்கே சரின்னா டிஸ்கவுண்ட்." பாதிப் பணம் முன்னாடியே வாங்கிக்கிட்டார். ரசீது இல்ல. ரெண்டு நாள்ல அடிச்சு முடிச்சு மீதியையும் வாங்கிக்கிட்டுப் போயிட்டார். மூணு மாசம் தாண்டல. பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி வந்துடுச்சு. உள்ளே கை வெச்சா பூச்சு மாவு மாதிரி உதிருது. அவர் போன் எடுக்கிறதில்ல.

ஆயா என்ன சொன்னாங்க தெரியுமா? "என் நேரம் தம்பி." நேரம் இல்ல ஆயா. அந்த ஆளுக்கு வேலை தெரியல, இல்ல தெரிஞ்சே செஞ்சார். ரெண்டுல எதுவானாலும் உங்க ஜாதகத்துல எழுதினது இல்ல.

நம்ம கோயில் திருப்பணியையே நினைச்சுப் பாருங்க. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம்னா முதல்ல பாலாலயம். சாமியை எடுத்து வெச்சிட்டு, எங்க ஒழுகுது, எங்க வெடிச்சிருக்குன்னு பார்த்து, பழுதை எடுத்து, பூசி, காயவிட்டு, கடைசியிலதான் வர்ணம். விமானத்துல வெடிப்பை வெச்சுக்கிட்டு மேல வர்ணம் அடிக்க எந்த ஸ்தபதியாவது சம்மதிப்பாரா? சாமி வீட்டுக்கு இந்த ஒழுங்கு தெரிஞ்ச நமக்கு, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் தெரியாம போச்சு?

ஈரம் எப்படிப் போகும்

இது மந்திரம் இல்ல. நாலு விஷயம் புரிஞ்சா போதும்.

முதல்ல, தண்ணி எங்க இருந்து வந்துச்சு? கூரையில இருந்தா, குழாய் வெடிச்சா, சாக்கடை பொங்கினதா, மேட்டுல இருந்து ஊறினதா? காரணத்தை நிறுத்தாம சுவரைக் காயவைக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை. மேட்டோட ஒட்டின வீடுன்னா பின்கால்வாய் சுத்தமா இருக்கா, தடுப்புச் சுவர்ல இருக்கிற வடிகால் துளைகள் திறந்திருக்கா பாருங்க. அந்தத் துளையில இருந்து திடீர்னு கலங்கல் தண்ணி வந்தாலோ, தடுப்புச் சுவர்ல புது வெடிப்பு தெரிஞ்சாலோ, மேட்டு மரம் சாய்ஞ்சிருந்தாலோ, பெயிண்டைப் பத்திப் பேச வேண்டாம். வீட்டை விட்டு வெளிய வாங்க. 999க்கு அடிங்க, மாவட்ட மன்றத்துக்குச் சொல்லுங்க.

ரெண்டாவது, நேரம். நனைஞ்ச மெத்தை, ஒட்டுப்பலகை, சிலிங் அட்டையில 24 மணியில இருந்து 48 மணி நேரத்துக்குள்ள பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிடும். அதனால "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்"ங்கிறது உதவி இல்ல. முதல் ரெண்டு நாள்தான் உதவி. ஊறிப்போன மெத்தையும் அட்டையும் பெரும்பாலும் திரும்ப வராது. போட்டோ எடுத்துட்டு எடுத்துடுங்க. சிமெண்டு, ஓடு, இரும்பு, நல்ல மரம் கழுவிக் காயவெச்சா பிழைக்கும்.

மூணாவது, நம்ம ஊர்க் காத்து. கீழ தாப்பாவுல, ஈப்போவுல ஜன்னலைத் திறந்து காத்தாடி போட்டா ரெண்டு நாள்ல காயலாம். இங்க சாயங்காலம் மூடுபனி உள்ள வந்து சோபாவுல உட்காருது. அந்தக் காத்து ஏற்கெனவே தண்ணியைச் சுமந்துக்கிட்டு வருது, சுவர்ல இருந்து இன்னும் எங்க வாங்கும்? வெயிலும் காத்தும் இருக்கிற நேரத்துல ஜன்னலைத் திறங்க. பனி இறங்கினா மூடுங்க. மூடிட்டு காத்தாடியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓட்டுங்க. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கடையில விக்கிற சாதாரண மெஷின் குளிர்ல சரியா வேலை செய்யாது. அறை கொஞ்சம் கதகதப்பா இருந்தாதான் தண்ணி நல்லா இழுக்கும். பட்டணத்துல இருந்து வர்ற ஆளுக்கு இது தெரியாது. அங்க ஓடின கணக்குல "மூணு நாள் போதும்"பார். நம்ம குளிர்ல போதாது.

நாலாவது, அளவு. கையால தொட்டுப் பார்த்து "காய்ஞ்சிடுச்சு"ன்னு சொல்லக்கூடாது. மேல்தோல் காய்ஞ்சிருக்கும், உள்ள செங்கல் ஊறிக்கிட்டு இருக்கும். அதுக்குத்தான் மீட்டர். மீட்டர் இல்லாதவங்க ஒரு துண்டு பிளாஸ்டிக்கை சுவர்ல வெச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. பிளாஸ்டிக்குக்கும் சுவருக்கும் நடுவுல முத்து முத்தா தண்ணி நின்னா, உள்ள இருந்து ஈரம் இன்னும் வருதுன்னு அர்த்தம். செங்கல் சுவர் முழுசா காய வாரக்கணக்கு ஆகும், நம்ம குளிர்ல மாசக்கணக்கும் ஆகலாம். அது வரைக்கும் பெயிண்ட் கடைப் பக்கமே போகாதீங்க.

சுத்தம் செய்றவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, கரண்ட். தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்சைத் தொடாதீங்க. மெயினை எட்ட முடியலன்னா டிஎன்பி 15454க்கு அடிங்க. சுவிட்ச் போர்டு வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா, லைசென்ஸ் வெச்ச வயர்மேன் பார்த்துச் சொல்ற வரைக்கும் கரண்ட் போட வேண்டாம். ரெண்டு, சேறு. அதுல எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில சின்னக் காயம் இருந்தாலே போதும், காய்ச்சல் வந்துடும். பூட்ஸ், கையுறை இல்லாம எந்தத் தம்பியையும் சேத்துல இறக்கக் கூடாது. குளோராக்ஸ் போடறவங்க அதோட வேற எந்தக் கழுவுற மருந்தையும் கலக்காதீங்க. கிளம்புற புகை நெஞ்சை அடைக்கும். பழைய லயத்துக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடுன்னா உடைக்காதீங்க, துளை போடாதீங்க, சுரண்டாதீங்க.

ஆளைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி

குத்தகையாளர் எல்லாரும் திருடங்கன்னு நான் சொல்லல. நல்லா வேலை செய்ற நம்ம பிள்ளைங்க இதே பிரிஞ்சாங்ல இருக்காங்க. அவங்களுக்குத்தான் இந்த ஏமாத்து ஆளுங்களால பொழப்பு கெடுது. நல்லவரையும் மத்தவரையும் பிரிச்சுப் பார்க்க இவ்வளவு கேளுங்க:

1. கம்பெனி பேர், எஸ்எஸ்எம் பதிவு எண், சிஐடிபி பதிவு. கட்டுமான வேலை செய்ற குத்தகையாளர் சிஐடிபியில பதிஞ்சிருக்கணும்னு 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. ஜி1ல இருந்து ஜி7 வரை தரம் இருக்கு. எண்ணை இணையத்துல தட்டிப் பார்க்கலாம். பேத்தியைக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல பார்த்துச் சொல்லும்.

2. ஈரத்தைக் காயவைக்கிற வேலைக்குத் தனி விலை, பழுது பார்த்துப் பூசுற வேலைக்குத் தனி விலை. ரெண்டையும் ஒரே தொகையில போட்டா, முதல் வேலையைச் செய்யாமலே ரெண்டாவதுக்குப் போயிடுவாங்க.

3. "தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"ன்னு அவரைக் கேளுங்க. பதில் சொல்லாம டின்னைக் காட்டினா, டீ கொடுத்து அனுப்பிடுங்க.

4. பணம் கட்டம் கட்டமா. சாமான் வாங்கக் கொஞ்சம், பாதி வேலைக்குக் கொஞ்சம், முடிஞ்சு பார்த்த பிறகு மீதி. பெரிய தொகை முன்னாடி கொடுத்தா, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட உங்க கையில கயிறே இல்ல.

5. ரசீது. சொந்தக்காரரா இருந்தாலும் ரசீது. "நம்ம ஆளு, பேப்பர் எதுக்கு?"ன்னு கேட்கிற நம்ம ஆளுதான் முதல்ல ஏமாத்துறார்.

6. "இன்னைக்குள்ள கையெழுத்து போடணும்"னு அவசரப்படுத்தினா, நாளைக்கு வரச் சொல்லுங்க. தண்ணியை இழுக்கிறதும் சாமானை மேல தூக்கி வைக்கிறதும்தான் அவசரம். பெயிண்ட்ல ஒரு அவசரமும் இல்ல.

ஏற்கெனவே ஏமாந்தவங்களுக்கு: பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். மனு கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்க வேண்டாம். மூணு வருஷத்துக்குள்ள போகணும். ஒரு அர்ச்சனைச் சீட்டு விலையில நீதி கேட்கலாம்னு நாடு சொல்லியிருக்கு, நாம வாசல் கூட மிதிக்கல. ஆனா அங்க போக எதிராளியோட பேர், முகவரி வேணும். "பெயிண்ட் அண்ணே"ன்னு போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்தா மன்றம் யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்? ரசீதுன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

"பேங்க் இன்சூரன்ஸ் இருக்கு" என்கிற நம்பிக்கை

வீட்டுக்கடன் வாங்கினவங்க பல பேர் இதைச் சொல்றாங்க. பத்திரத்தை எடுத்துப் படிங்க. வெறும் தீ இன்சூரன்ஸா இருந்தா, தனியா சேர்க்காத வரைக்கும் வெள்ளத்துக்கு ஒரு சென்னும் வராது. வீட்டுச் சொந்தக்காரர் பாலிசின்னா வழக்கமா குழாய் வெடிப்பும் வெள்ளமும் சேர்ந்திருக்கும். ஆனா மண்சரிவு அதுல வராது, கேட்டு, கூடுதலா கட்டிச் சேர்க்கணும். மலையில குடியிருக்கிறவனுக்கு மண்சரிவு இல்லாத பாலிசி, குடை இல்லாத மழைக்கோட்டு மாதிரி. கட்டடத்துக்கு ஒரு பாலிசி, உள்ள இருக்கிற சாமானுக்கு வேற பாலிசி. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாறாதீங்க.

தண்ணி வந்தா முதல் வேலை போட்டோ, வீடியோ. சுவர்ல தண்ணி ஏறின கோட்டை ஒரு அளவுகோல் வெச்சு எடுங்க. உடனே கம்பெனிக்குச் சொல்லுங்க. மதிப்பீட்டாளர் வர்ற வரைக்கும் தூக்கி எறிஞ்ச சாமானுக்கும் படம் இருக்கணும். அதுக்காக வீட்டை நனைஞ்சபடியே விட்டு வைக்கக் கூடாது. சேதம் கூடாம பார்த்துக்கிறது உங்க கடமைன்னு பாலிசியிலேயே போட்டிருக்கும். கம்பெனி முடியாதுன்னு சொன்னா அதோட முடிஞ்சுடல. 2025 ஜனவரியில இருந்து நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைன்னு ஒண்ணு நடக்குது. புகார் பண்றவங்களுக்குச் செலவில்லை.

அரசாங்க உதவியைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் பெருவெள்ளத்துல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முழுகினப்போ, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 1,000 வெள்ளி வாங் இஹ்சான் கொடுத்தாங்க. வாங்க வேண்டியதை வாங்குங்க. ஆனா 1,000 வெள்ளியில ஒரு வீடு காயாது. அதை வாங்கி பெயிண்ட் வாளிக்கு கொடுத்துட்டா அதுவும் போச்சு.

தோட்ட லயத்துக்கு ஒரு தனிப் பேச்சு

இது சில பேருக்குப் பிடிக்காது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுதுன்னா, கோயில் இளைஞர்கள் கோத்தோங் ரோயோங் போட்டு ஓசியில சரி செஞ்சு கொடுக்கிறோம். நல்ல மனசுதான். ஆனா தொழிலாளர் வீடு யாருடையது? தொழிலாளர் குடியிருப்பு குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990, சட்ட எண் 446. முதலாளி கொடுத்த வீட்டை நல்ல நிலையில பழுது பார்த்து வைக்கிறது முதலாளியோட கடமைன்னு அதுல இருக்கு. நாம ஏணி தூக்கிக்கிட்டு ஓடறது தொழிலாளிக்கு செய்ற தொண்டா, இல்ல முதலாளிக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிற செலவா?

அன்னைக்கு ராத்திரி ஒழுகுற இடத்துல கான்வாஸ் போடறது தொண்டு, அதை நாம செய்வோம். மறுநாள் காலையில படம் எடுத்து, தேதி போட்டு, நிர்வாகத்துக்கு எழுத்துல ஒரு கடிதம் கொடுக்கணும். பதில் இல்லன்னா தொழிலாளர் இலாகாவுக்கு நகல். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கிறதும் தொண்டுதான். எழுதத் தெரியாத ஒரு அம்மாவுக்கு நாம எழுதிக் கொடுக்கிற ஒரு பக்கம், நாம தூக்குற பத்து ஏணிக்குச் சமம். வங்காளதேசத்துல இருந்து, நேப்பாளத்துல இருந்து வந்து அதே லயத்துல படுக்கிற பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அவங்க நம்ம கோயிலுக்கு வந்தாலும் வராட்டாலும், கூரை எல்லாருக்கும் ஒண்ணுதான்.

கோயில் என்ன ரிப்பேர் கடையா?

இப்ப அந்தச் சிரிப்புக்கு வர்றேன்.

கோயில் ரிப்பேர் கடை இல்ல. சமையல் கடையும் இல்லதான். ஆனா அன்னதானத்துக்கு நம்மகிட்ட அண்டா இருக்கு, குண்டான் இருக்கு, பெரிய கேஸ் அடுப்பு இருக்கு. பசிச்சவனுக்கு சோறு போட அண்டா சாமி காரியம்னா, நனைஞ்சவன் வீட்டைக் காயவைக்க மெஷின் எப்படி வேற காரியமாகும்? அண்டாவை வாங்கினப்ப யாரும் "கோயில் என்ன ரெஸ்டாரண்டா"ன்னு கேட்கல.

"கவர்ல போட்டுக் கொடுத்திடலாம்"ங்கிற கட்சிக்கு: கவர் கெட்டது இல்ல. ஆனா மிச்சமிருக்கிற பணத்தைப் பங்கு போட்டா ஆளுக்கு வர்றது ஒரு வாரத்து மளிகைக் காசு. அதே பணத்துல வாங்குற மெஷின் இந்த வருஷம் ஒரு வீடு, அடுத்த வருஷம் வேற வீடுன்னு சுத்திக்கிட்டே இருக்கும். தனியா ஒரு குடும்பத்துக்கு அதை வாங்குறது வீண் செலவு, ஊருக்கே ஒண்ணு இருந்தா நியாயமான செலவு. பொதுப் பணம் இருக்கிறதே இந்த மாதிரி சாமானுக்குத்தான்.

"விளக்கு அலங்காரத்துக்கு"ங்கிற கட்சிக்கு: அலங்காரம் வேணும், எனக்கும் ஆசைதான். அதுக்கு உபயகாரர் இருக்காங்க, தனி வசூல் இருக்கு. இந்தப் பணத்தைப் போட்டவங்க மழையில நனைஞ்ச வீட்டுக்குன்னு சொல்லிப் போட்டாங்க. உபயம் எந்தக் காரியத்துக்குச் சொல்லிக் கொடுத்ததோ அந்தக் காரியத்துக்குத்தான் போகணும். பால் அபிஷேகத்துக்குக் கொடுத்த காசுல பட்டாசு வாங்குவோமா?

"நமக்கு அனுபவம் இல்லையே, ஏதாவது ஆனா யார் பொறுப்பு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. சரியான கேள்வி. அதனால எல்லையையும் சொல்லிடறேன். சுவர் இடிக்கிறது, வயரிங், கூரை ஏறுறது, சாக்கடைத் தண்ணி நிறைஞ்ச வீடு, மேடு சரியற இடம், இதுல நாம கை வைக்க மாட்டோம். நாம செய்யப்போறது அஞ்சே காரியம்:

சுத்தமான மழைத் தண்ணி புகுந்த வீட்டுல முதல் 48 மணி நேரத்துக்குள்ள தண்ணியை இழுக்கிறது. மெஷினைக் கொண்டு போய் வெச்சு, தினம் ஒரு தடவை மீட்டர் பார்த்து நோட்டுல எழுதறது. போட்டோ எடுத்து, இன்சூரன்சுக்கும் நிர்வாகத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறது. பதிவு இருக்கிற, ஏற்கெனவே நம்மவங்க வீட்டுல ஒழுங்கா வேலை செஞ்ச ஆளுங்க பட்டியல் ஒண்ணு வெச்சுக்கிறது. அந்தப் பட்டியல்ல இடம் பிடிக்க யார்கிட்டயும் கமிஷன் வாங்கக் கூடாது, செயலவையில இருக்கிறவர் மச்சானா இருந்தாலும் மத்தவங்களுக்கு இருக்கிற அதே விதிதான். கடைசியா, தனியா இருக்கிற வயசானவங்க வீட்டுக்குக் குத்தகையாளர் வர்ற அன்னைக்கு நம்மள்ல ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது. கடைசிக் காரியத்துக்குப் பணமே வேண்டாம். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பாதி ஏமாத்து நின்னு போகும்.

நம்ம பாஷையில ஈரம்னா தண்ணிக்கும் சொல்றோம், இரக்கத்துக்கும் சொல்றோம். மேடையில ஏறி நெஞ்சுல ஈரம் வேணும்னு பேசறது சுலபம். அந்த ஆயா வீட்டுப் பின்சுவர்ல கை வெச்சுப் பாருங்க, எந்த ஈரத்தைப் பத்திப் பேசணும்னு தெரியும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சு கூட்டம். மூணு கடையில விலை விசாரிச்சு எழுத்துல கொண்டு வர்றேன். மெஷின் யார் பொறுப்புல இருக்கும், எந்த வரிசையில வீட்டுக்குப் போகும், கரண்ட் பில் யார் கட்டுறது, எல்லாத்துக்கும் ஒரு பக்கம் விதி எழுதி வெச்சிருக்கேன். கிழிச்சு எறியறதானாலும் படிச்சிட்டுக் கிழிங்க. எனக்கு எதிரா கை தூக்குறவங்க கண்டிப்பா வாங்க. வந்து கூட்டத்துல சொல்லுங்க. புலனத்துல சிரிச்ச முகம் போட்டுட்டு வீட்டுல இருந்துடாதீங்க.

வீட்டுல தண்ணி புகுந்து இப்பவும் சுவர் காயாம இருக்கிறவங்க, வெட்கப்படாம எனக்குத் தனியா ஒரு செய்தி போடுங்க. பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருந்தீங்கன்னா, தயவு செஞ்சு ஞாயிறு வரைக்கும் நிறுத்தி வையுங்க.

அக்டோபர் மழை யாருக்காகவும் காத்திருக்காது. பதிவை உங்க தோட்டத்துக் குழு, தாமான் குழு எல்லாத்துலயும் பகிருங்க. படிக்கத் தெரியாத ஆயா, தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

வேலும் மயிலும் துணை.